காய்ச்சல் விட்டால் கணக்கு முடிந்ததா?

சிக்குன்குனியா என்ற பெயர் டீக்கடை பெஞ்சு வரை வந்து சேர்ந்தது 2006-இல்தான். பெயரில் "சிக்கன்" கேட்கிறதே, கோழிக்கறியால் வருகிற நோய் போலிருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமைக் குழம்பையே மாற்றிக்கொண்ட வீடுகள் அப்போது உண்டு. "குனியா" என்று முடிகிறதே, வந்தால் குனிய முடியாது, குனிந்தால் நிமிர முடியாது என்று பொழிப்புரை சொன்னவர்களும் உண்டு. வேடிக்கை என்னவென்றால் இரண்டாவது கோஷ்டி சொன்னது கிட்டத்தட்ட சரி! இந்த நோய் முதலில் அடையாளம் காணப்பட்டது 1952-53-இல், இன்றைய தான்சானியாவின் தெற்குப் பகுதியில். அங்கே வாழும் மக்கோண்டே மக்களின் மொழியில் "வளைந்து முறுக்கிப் போவது" என்ற பொருளில் வரும் சொல்தான் சிக்குன்குனியா. மூட்டு வலியில் மனிதன் கூனிப் போவதைப் பார்த்து வைத்த பெயர்.

பெயர் மூட்டோடு நின்றுவிட்டது. போகட்டும், பெயர்தானே. ஆனால் ஆஸ்பத்திரிச் சீட்டும், அரசாங்கக் கணக்கும், பத்திரிகைச் செய்தியும், சுவரில் ஒட்டுகிற விழிப்புணர்வுப் போஸ்டரும் அதே மூட்டோடு நின்றுவிட்டன. காய்ச்சல், மூட்டு வலி, கொசு, புகை மருந்து. நாலு வார்த்தையில் பாடம் முடிந்தது. ஐந்தாவதாக வந்திருக்க வேண்டிய "கண்" என்ற வார்த்தையைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

கொசு பரப்பும் வைரஸ் காய்ச்சல் விட்டு, ஆள் எழுந்து நடமாடத் தொடங்கி, சில வாரம் கழித்து, அதே நோயின் தொடர்ச்சியாகக் கண்ணுக்குள் அழற்சி வரலாம். வதந்தி இல்லை இது. மதுரையிலும் திருநெல்வேலியிலும் பெங்களூரிலும் கண் டாக்டர்கள் நேரில் பார்த்து, 2007-லும் 2008-லும் உலக அளவிலான மருத்துவ இதழ்களில் எழுதி வைத்த விஷயம். உலகத்துக்கே தென்னிந்திய டாக்டர்கள் சொல்லிக்கொடுத்த பாடம், தென்னிந்திய நோயாளியின் கையில் இருக்கும் சீட்டில் மட்டும் ஏறவில்லை. இந்தக் கட்டுரையின் சண்டை அதோடுதான்.

கொஞ்சம் பழைய கதை

சிக்குன்குனியா இந்தியாவுக்குப் புதிது இல்லை. 1963-இல் கல்கத்தாவில் வந்தது. 1964-இல் சென்னையையும் வேலூரையும் ஆட்டி வைத்தது. 1973-இல் மகாராஷ்டிராவின் பார்சி என்ற ஊரில் தலைகாட்டிவிட்டு, அதன் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் காணாமல் போனது. ஒரு தலைமுறை டாக்டர்கள் அதைப் பாடப் புத்தகத்தில் மட்டுமே படித்துத் தேறினார்கள்.

2005-06-இல் இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவில் அது வெடித்தது. பிரெஞ்சு ஆட்சியில் இருக்கிற, தமிழ் வம்சாவளியினரும் கணிசமாக வாழ்கிற தீவு. எட்டு லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகையில் மூன்றில் ஒருவருக்கு நோய் வந்தது. அதே காலத்தில் இந்தியாவிலும் திரும்ப வந்தது. 2006-இல் மட்டும் இந்திய அரசின் கணக்குப்படி சந்தேகத்துக்குரிய நோயாளிகள் சுமார் 13.9 லட்சம் பேர். ரத்தப் பரிசோதனையில் உறுதியானவர்கள் அதில் சொற்பம், ஏனென்றால் பரிசோதனை செய்யப்பட்டவர்களே சொற்பம்.

இந்த அலை ஓய்கிற நேரத்தில்தான் கண் ஆஸ்பத்திரிகளில் ஒரு புதுக் கூட்டம் வந்தது. "போன மாதம் காய்ச்சல் வந்துது சார், இப்ப கண்ணு மங்கலா இருக்கு" என்கிற கூட்டம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை டாக்டர்கள் அப்படி வந்த 37 பேரைப் பற்றி 2007-இல் அறிக்கை எழுதினார்கள். திருநெல்வேலியிலிருந்து அதே ஆண்டில், பார்வை நரம்பு வீங்கிய நோயாளிகளைப் பற்றித் தனியாக ஓர் அறிக்கை. 2008-இல் பெங்களூர் நாராயண நேத்ராலயாவிலிருந்து இன்னொன்று. அதில் ஒரு நோயாளியின் கண்ணுக்குள் இருக்கும் நீரைச் சொட்டு எடுத்துச் சோதித்தபோது, அதிலேயே சிக்குன்குனியா வைரஸின் மரபுப்பொருள் இருந்தது. "காய்ச்சலும் கண்ணும் தற்செயலாகச் சேர்ந்து வந்திருக்கும்" என்று கைகழுவ இடமே இல்லை.

கண்ணுக்குள் நடப்பது என்ன?

கண்ணின் சுவர் மூன்று அடுக்கு. வெளியே வெள்ளை விழி. உள்ளே, படம் விழுகிற விழித்திரை. இரண்டுக்கும் நடுவில் ரத்தக் குழாய்கள் நிறைந்த ஓர் அடுக்கு. கண்ணாடியில் பார்த்தால் கறுப்பாகவோ பழுப்பாகவோ தெரிகிற வட்டம் இந்த நடு அடுக்கின் முன்பகுதிதான். இந்த அடுக்கு அழற்சி கண்டால் அதற்கு யுவியைடிஸ் என்று பெயர். சிக்குன்குனியாவுக்குப் பின் கண்ணில் வருவதில் முக்கியமானது இது. பெரும்பாலும் காய்ச்சலுக்கு நாலு வாரத்திலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் வருகிறது என்று கண் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். காய்ச்சலோடு சேர்ந்தே வருவதும் உண்டு.

முன்பகுதியில் வந்தால் கண் சிவக்கும், வலிக்கும், வெளிச்சம் பட்டால் கூசும், பார்வை மங்கும். சிலருக்குக் கண்ணின் உள் அழுத்தமும் ஏறும். கவனிக்காமல் விட்டால் அந்தக் கறுப்பு வட்டம் பின்னால் இருக்கும் லென்ஸோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் இருக்கத்தான் கண்ணின் பாவையை விரிக்கிற சொட்டு மருந்தைக் கண் டாக்டர் கொடுக்கிறார். அதோடு ஸ்டீராய்டு சொட்டு மருந்து, அழுத்தம் ஏறியிருந்தால் அதைக் குறைக்க இன்னொன்று. எல்லாம் சாதாரண மருந்துகள். ஆனால் எது, எத்தனை நாள், எப்போது குறைப்பது என்பதை ஸ்லிட் லாம்ப் வைத்துக் கண்ணுக்குள் பார்த்தவர்தான் சொல்ல முடியும்.

பின்பகுதியில் வந்தால் விஷயம் இன்னும் மோசம். விழித்திரையோ பார்வை நரம்போ வீங்கும்போது கண் வெளியே சிவக்காமலே இருக்கலாம். வலியும் இல்லாமல் இருக்கலாம். நடுவில் ஒரு கறுப்புத் திட்டு, எழுத்து தெரியவில்லை, நிறம் வெளிறித் தெரிகிறது, அவ்வளவுதான். "காய்ச்சல் அடித்த அசதி, சரியாகிவிடும்" என்று வீட்டில் சொல்வார்கள். சொல்பவர்கள் மேல் தப்பில்லை. அவர்களிடம் யார் வேறு விதமாகச் சொன்னார்கள்?

மெட்ராஸ் ஐ என்னும் பொதுப்பெயர்

தமிழ்நாட்டில் சிவந்த கண்ணுக்கெல்லாம் ஒரே பெயர், மெட்ராஸ் ஐ. தாய்ப்பால் விடுவார்கள், நந்தியாவட்டைப் பூவை ஒற்றுவார்கள், மஞ்சள் நனைத்த துணியால் துடைப்பார்கள். இரண்டு நாளில் போகவில்லை என்றால் மெடிக்கல் ஷாப்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க வீட்டிலேயே சில அடையாளங்கள் உண்டு. மெட்ராஸ் ஐ என்றால் உறுத்தல், பீளை, காலையில் இமை ஒட்டிக்கொள்வது, வீட்டில் ஒருவருக்கு வந்தால் அடுத்தவருக்கும் வருவது. பீளையைத் துடைத்தால் பார்வை பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். யுவியைடிஸில் பீளை இருக்காது. சிவப்பு கறுப்பு வட்டத்தைச் சுற்றி அடர்த்தியாக இருக்கும். வலி உறுத்தலாக இல்லாமல் உள்ளே குடைகிற மாதிரி இருக்கும். டியூப்லைட் வெளிச்சமே தாங்காது. எவ்வளவு துடைத்தாலும் மங்கல் போகாது. இந்த வித்தியாசத்தைச் சொல்ல அரைப் பக்கம்கூடத் தேவையில்லை. ஆனால் காய்ச்சல் சீசனில் எந்த நோட்டீஸில் இது வருகிறது?

இப்படி வைத்துக்கொள்ளுங்கள். பூக்கட்டி விற்கிற ஓர் அம்மா. காய்ச்சல் வந்தது, ஊசி போட்டார், மாத்திரை தின்றார், ஒரு வாரத்தில் காய்ச்சல் விட்டது. மூட்டு வலி விடவில்லை, அதோடே கடைக்கு வந்துவிட்டார். ஒரு மாதம் கழித்து ஒரு கண் சிவக்கிறது. காய்ச்சலுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? மெடிக்கல் ஷாப்பில் "கண்ணு சிவந்திருக்கு தம்பி" என்கிறார். கடைப் பையன் ஒரு சொட்டு மருந்து எடுத்துக் கொடுக்கிறான். பல சமயம் அதில் ஆன்டிபயாட்டிக்கோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கும். போட்டதும் சிவப்பு குறைகிறது. "நல்ல மருந்து" என்று பெயர் வாங்குகிறது. தீர்ந்ததும் இன்னொரு பாட்டில்.

உள்ளே நடப்பது வேறு. அரைகுறை மருந்தில் அழற்சி அடங்கியது போல அடங்கி மறுபடி கிளம்பும். பாவையை விரிக்கிற மருந்து இல்லாததால் உள்ளே ஒட்டுதல் நடக்கும். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு விட்டால் கண் அழுத்தம் ஏறும், பார்வை நரம்பு அரிக்கப்படும், கண்புரையும் வரும். ஒருவேளை அந்தச் சிவப்பு ஹெர்பீஸ் வைரஸால் வந்த கருவிழிப் புண்ணாக இருந்தால், அதே ஸ்டீராய்டு அதைத் தீனி போட்டு வளர்க்கும். இந்த மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று சட்டம் தெளிவாகவே இருக்கிறது. பாட்டிலின் மேல் எச்சரிக்கையும் அச்சடித்திருக்கிறது. படிக்கத்தான் கண் தெரியவில்லை!

சால்ஜாப்புகள்

இதைப் பேச ஆரம்பித்தால் வரிசையாக நாலு பதில் வரும்.

முதல் பதில்: "இது அபூர்வம்." சரி, அபூர்வம்தான். காய்ச்சல் வந்த எல்லாருக்கும் கண் பாதிப்பதில்லை, மிகப் பெரும்பாலோருக்கு இல்லை. ஆனால் அபூர்வத்தை எதோடு பெருக்குவது என்று ஒரு கேள்வி இருக்கிறது. ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும், 2006-இன் 13.9 லட்சத்துக்கு அது 1,390 பேர். இது கணக்குப் போட்டுக் காட்டுவதற்கான உதாரணம்தான், உண்மையான விகிதம் வேறாக இருக்கலாம். உண்மையான விகிதத்தைச் சொல்ல வேண்டுமானால் யாராவது எண்ணியிருக்க வேண்டும். எண்ணாமலே அபூர்வம் என்பது, கிணற்றை எட்டிப் பார்க்காமலே தண்ணீர் இல்லை என்பதைப் போல.

இரண்டாவது பதில்: "பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும்." வெளிவந்த அறிக்கைகளில் பல நோயாளிகளுக்குப் பார்வை நன்றாகத் திரும்பியது உண்மை. ஆனால் அந்த நோயாளிகள் யார்? கண் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தவர்கள், சிகிச்சை பெற்றவர்கள். வராதவர்கள் அறிக்கையில் எப்படி இருப்பார்கள்? சிகிச்சை பெற்றவர் குணமானதை வைத்து, சிகிச்சை பெறாதவரும் குணமாகியிருப்பார் என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? பார்வை நரம்பு பாதிக்கப்பட்டவர்களில், சிகிச்சை பெற்றும் சிலருக்குப் பார்வை முழுசாகத் திரும்பவில்லை என்பதும் அதே அறிக்கைகளில் இருக்கிறது.

மூன்றாவது பதில்: "ஜனங்களைப் பயமுறுத்தக்கூடாது." இது எல்லாவற்றிலும் மோசமான பதில். சர்க்கரை வியாதிக்காரரிடம் வருடத்துக்கு ஒரு முறை கண்ணைக் காட்டுங்கள் என்று சொல்கிறார்கள். யாரும் பயத்தில் மயங்கி விழவில்லை. காசநோய்க்கு எத்தாம்பூட்டால் மாத்திரை கொடுக்கும்போது, பார்வையில் மாற்றம் தெரிந்தால் உடனே சொல்லுங்கள் என்பது வழக்கமாகச் சொல்ல வேண்டிய வாக்கியம். அங்கெல்லாம் எச்சரிக்கையாக இருக்கும் அதே வாக்கியம் கொசுக் காய்ச்சலில் மட்டும் எப்படிப் பீதி ஆகிறது?

நாலாவது பதில்: "கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் அதற்கெல்லாம் நேரம் எங்கே?" இது ஒன்றுதான் கொஞ்சம் நியாயமான பதில். புறநோயாளி வரிசை வாசல் வரை நிற்கும்போது ஒரு டாக்டர் ஒருவருக்கு ஒரு நிமிடம் ஒதுக்குவதே பெரிய விஷயம். ஆனால் இதற்கு நேரம் தேவையில்லை. ஒரு ரப்பர் ஸ்டாம்ப் போதும். அதைப் பற்றிக் கடைசியில்.

மர்மத்தைக் கண் அவிழ்த்த கதை

சிக்குன்குனியா மட்டும்தானா? இல்லை. டெங்குவும் கண்ணை விடுவதில்லை. விழித்திரையின் மையப்பகுதியில் ரத்தக் கசிவும் வீக்கமும் வரும். பெரும்பாலும் காய்ச்சல் தொடங்கி ஒரு வாரத்தில், ரத்தத்தட்டுகள் அடிமட்டத்தில் இருக்கிற சமயத்தையொட்டி வரும். வீடு முழுக்கப் பிளேட்லெட் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில், படுக்கையில் இருப்பவர் "எதிர்ச் சுவர் காலண்டர் தெரியல" என்று சொன்னால் யார் காதில் விழும்?

இதில் சிங்கப்பூர் அனுபவம் கவனிக்க வேண்டியது. 2005-இல் அங்கே டெங்கு பரவியபோது, ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு விழித்திரை மையத்தில் பாதிப்பு இருந்தது. 2007-இல் மறுபடி டெங்கு பரவியபோது ஒருவருக்கும் அது தென்படவில்லை. முதல் முறை ஓங்கியிருந்தது டெங்குவின் ஒன்றாம் வகை வைரஸ், இரண்டாம் முறை இரண்டாம் வகை. ஒரே ஊர், ஒரே நோய்ப் பெயர், இரண்டே வருட இடைவெளி. முடிவு தலைகீழ். இதை அவர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இரண்டு முறையும் கண்ணைப் பார்த்தார்கள், இரண்டு முறையும் எழுதி வைத்தார்கள். "போன தடவை ஒன்றும் வரவில்லையே" என்பது இந்தத் தடவைக்கு உத்தரவாதம் ஆகாது என்பதுதான் இதன் பாடம்.

தமிழ்நாட்டுக் கதை இதைவிட ருசிகரம். இங்கே ஒரு காய்ச்சலுக்குப் பெயர் தெரியவில்லை என்றால் பத்திரிகைகள் வைக்கிற பெயர் தயாராக இருக்கிறது: மர்மக் காய்ச்சல். எந்த மாவட்டமாக இருந்தாலும் சரி, எந்த வருடமாக இருந்தாலும் சரி. மர்மம் என்று போட்டுவிட்டால் பிறகு துப்பறிய வேண்டாம் அல்லவா! அப்படித் தமிழ்நாட்டில் காய்ச்சல் பரவிய ஒரு காலத்துக்குப் பிறகு, விழித்திரை அழற்சியோடு மதுரைக்கு வந்த நோயாளிகளைச் சோதித்தபோது, அவர்களில் சிலருக்கு வெஸ்ட் நைல் வைரஸ் இருந்தது உறுதியானது. 2012-லும் 2013-லும் அந்த ஆய்வுகள் வெளிவந்தன. வெஸ்ட் நைல் என்றால் ஆப்பிரிக்காவிலும் அமெரிக்காவிலும் இருக்கிற ஏதோ ஒன்று என்று நினைத்திருந்தவர்களுக்கு, அது சாக்கடைத் தண்ணீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசுவோடு இங்கேயே இருக்கிறது என்று சொன்னது கண்.

அதாவது காய்ச்சல் வார்டில் பிடிபடாத குற்றவாளி கண் வார்டில் பிடிபட்டான். கண்ணைப் பார்ப்பது நோயாளியின் பார்வைக்கு மட்டும் நல்லதில்லை, ஊரில் எந்த வைரஸ் உலாவுகிறது என்று தெரிந்துகொள்ளவும் அது ஒரு வழி. அப்படி ஒரு ஜன்னல் திறந்திருக்கும்போது, அதைச் சாத்திவிட்டு மர்மம், மர்மம் என்று எழுதுவது யாருக்கு லாபம்?

இலாகா வேறு, உடம்பு ஒன்று

கோளாறு எங்கே இருக்கிறது என்று யோசித்தால் ஒரு விஷயம் புலப்படும். இந்தியாவில் பார்வை இழப்பைத் தடுக்கும் தேசியத் திட்டம் 1976-லேயே வந்துவிட்டது. கண்புரை அறுவையில் அது சாதித்தது கொஞ்சநஞ்சமில்லை. கொசு பரப்பும் நோய்களுக்கும் தனியாக ஒரு தேசியத் திட்டம் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு அறை, வேறு வேறு ரெஜிஸ்டர். கொசு இலாகாவின் அட்டவணையில் டெங்குவுக்கு இரண்டு கட்டம்: எத்தனை பேருக்கு வந்தது, எத்தனை பேர் செத்தார்கள். சிக்குன்குனியாவுக்கும் இரண்டு கட்டம்: சந்தேகம், உறுதி. இந்த வைரஸால் பார்வை பாதிக்கப்பட்டவரை எழுத இரண்டு ரெஜிஸ்டரிலும் இடம் இல்லை. கொசுக்காரர்களுக்கு அவர் குணமான நோயாளி. கண்காரர்களுக்கு அவர் கண்புரை நோயாளி இல்லை.

கட்டம் இல்லாததைக் கணக்கு பார்க்காது. இதற்கு இன்னொரு உதாரணமும் உண்டு. 2006-இன் சிக்குன்குனியாவில் அரசுக் கணக்குப்படி நேரடி மரணம் பூஜ்ஜியம். ஆனால் அகமதாபாத் நகரத்தின் இறப்புப் பதிவுகளை எடுத்து ஆராய்ந்த ஓர் ஆய்வு 2008-இல் வெளிவந்தது. நோய் பரவிய ஆகஸ்ட் முதல் நவம்பர் வரையிலான நாலு மாதத்தில், முந்தைய நாலு வருடங்களின் அதே மாதங்களின் சராசரியைவிட 2,944 மரணங்கள் அதிகம் என்றது அது. அத்தனையும் இந்த நோயால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பூஜ்ஜியம் என்பது எவ்வளவு தைரியமான எண் என்று அதைப் பார்த்தால் புரியும். சாவே கணக்கில் விடுபட முடியும் என்றால், மங்கிப் போன ஒரு கண் எம்மாத்திரம்?

இதற்கு நடுவே சண்டைகளுக்கும் குறைவில்லை. 2017-இல் டெங்கு பரவியபோது நிலவேம்புக் குடிநீர் குடிக்கலாமா கூடாதா என்று ஊரே இரண்டு கட்சியாகப் பிரிந்து மல்லுக்கட்டியது. தெருவில் புகை வண்டி வந்தால் போட்டோ எடுக்க ஆள் உண்டு. டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்புகிற ஏடிஸ் கொசு பகலில் கடிக்கிறது, நல்ல தண்ணீரில் முட்டையிடுகிறது, புகை அதன் புழுவைத் தொடுவதே இல்லை என்பதெல்லாம் தெரிந்த சேதி. ஆனாலும் புகை கண்ணுக்குத் தெரிகிறது. புகை போன பிறகு யாருக்குக் கண் தெரிகிறது என்பதுதான் யாருக்கும் கவலை இல்லை.

என்ன செய்யலாம்?

புது ஆஸ்பத்திரி கட்டச் சொல்லவில்லை. புது மெஷின் கேட்கவில்லை. நாலே விஷயம்.

ஒன்று, அந்த ரப்பர் ஸ்டாம்ப். டெங்கு, சிக்குன்குனியா, காரணம் தெரியாத காய்ச்சல் என்று எழுதப்படுகிற ஒவ்வொரு சீட்டிலும் ஒரு வாக்கியம் குத்தப்பட வேண்டும்: "மூன்று மாதத்துக்குள் கண் சிவந்தாலோ, வலித்தாலோ, கூசினாலோ, பார்வை மங்கினாலோ உடனே கண் டாக்டரிடம் காட்டவும். இந்தச் சீட்டையும் கொண்டு செல்லவும்." எழுதத் தெரியாத நோயாளிக்கு நர்ஸம்மா அதை ஒரு தடவை வாயால் சொன்னால் போதும்.

இரண்டு, கண் டாக்டரின் மேஜையில் ஒரு கேள்வி. "சர்க்கரை இருக்கா, பிரஷர் இருக்கா" என்று கேட்பதைப் போலவே "மூணு மாசத்துக்குள்ள காய்ச்சல் வந்துதா" என்றும் கேட்க வேண்டும். இந்த அழற்சி பார்வைக்கு ஹெர்பீஸ் போலவே தோன்றக்கூடியது என்று கண் மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். இந்த ஒரு கேள்விதான் சரியான பரிசோதனைக்கு வழிகாட்டும். பெரிய கண் ஆஸ்பத்திரிகளில் இது வழக்கமாகிவிட்டது. சின்ன ஊர்களுக்கும் வர வேண்டும்.

மூன்று, மெடிக்கல் ஷாப். சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு கலந்த கண் மருந்தைக் கொடுக்கக்கூடாது என்பது புதுக் கோரிக்கை இல்லை, இருக்கிற சட்டம். காய்ச்சல் சீசன் முடிந்த மூன்று மாதமாவது மருந்து ஆய்வாளர்கள் அந்த அலமாரியை எட்டிப் பார்க்கலாம்.

நாலு, ரெஜிஸ்டரில் ஒரு கட்டம். காய்ச்சலுக்குப் பின் கண் அழற்சி என்று. நிரம்பாமல் காலியாகவே இருந்தால் ரொம்ப நல்லது, அபூர்வம் என்று சொன்னவர்கள் ஜெயித்ததாக ஒப்புக்கொள்ளலாம். நிரம்பினால், இத்தனை வருடமாக அந்த எண் எங்கே போய்க்கொண்டிருந்தது என்று அவர்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இதைப் படிப்பவர்களில் அரசாங்கத்தை அசைக்கிற அளவுக்கு அதிகாரம் உள்ளவர்கள் அநேகமாக யாரும் இருக்க மாட்டார்கள். பரவாயில்லை. ஆனால் எல்லார் வீட்டிலும் ஒரு பாட்டியோ, பக்கத்து வீட்டுக்காரரோ, ஹாஸ்டல் ரூம்மேட்டோ அடுத்த மழைக்குப் பிறகு காய்ச்சலில் படுக்கத்தான் போகிறார்கள். எழுந்து உட்கார்ந்ததும் கஞ்சி கொடுக்கும்போது, அரசாங்கம் குத்தாத அந்த ஸ்டாம்ப்பை வாயால் குத்திவிடலாம். இன்னும் மூன்று மாதத்துக்குக் கண்ணைக் கவனியுங்கள், மங்கினால் மெடிக்கல் ஷாப்புக்குப் போகாதீர்கள், கண் டாக்டரிடம் போங்கள் என்று. அதற்கு எந்த ஜி.ஓ.வும் வர வேண்டியதில்லை.